வேறு நிறுவனக் கேமராவுக்கு மாறும்போது பழைய லென்ஸ்களை அடாப்டர் வழியாகப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நிக்கான் டிஎஸ்எல்ஆரில் ஆண்டுக்கணக்கில் கல்யாண வேலை பார்த்துவிட்டு சோனி மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) மாறியபோது, முதலில் பாடியையும் அடுத்து, லென்ஸுக்கும் பாடிக்கும் இடையே மாட்டும் மலிவான அடாப்டர் ஒன்றையும் வாங்கினேன். அதன் பிறகுதான் என்னிடம் இருந்த லென்ஸ்களில் எது இயங்கும், எது இயங்காது என்று பார்க்க உட்கார்ந்தேன். வரிசை தலைகீழாகப் போனதால் அந்த அடாப்டரும் வீண், ஒரு முகூர்த்தத்தில் மானமும் போகப் பார்த்தது. வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து என்னுடன் வேலைக்கு வரும் தம்பிகளும் இதே தவற்றை இதே வரிசையில் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நிக்கானிலிருந்து சோனிக்கு மாறுவதைப் பற்றியவை. மற்ற மாற்றங்களுக்கும் படிகள் இவையே; எண்கள் மட்டும் மாறும்.

1. பாடி வாங்கும் முன் லென்ஸ்களைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டில் உங்கள் லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி, மூன்று விஷயங்களை எழுதுங்கள்: ஃபோக்கஸ் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறதா, பாடியில் இருக்கிறதா? அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) இயக்குவது வளையமா, நெம்புகோலா, மின்சாரமா? லென்ஸ் முழு ஃபிரேமுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாருக்கு) உரியதா, சிறிய சென்சாருக்கு உரியதா? அடாப்டரின் விலையையும் பயனையும் தீர்மானிப்பவை இந்த மூன்றுதான்.

விடைகள் லென்ஸின் உடலிலேயே எழுதியிருக்கும். நிக்கானில் ஏஎஃப்-எஸ் என்றிருந்தால் மோட்டார் உள்ளேயே உண்டு. வெறும் ஏஎஃப் என்றும் எண்ணுக்குப் பின் டி என்றும் இருந்தால் மோட்டார் பாடியில் இருந்தது என்று பொருள். லென்ஸின் பின்புறத்தில் ஸ்குரூடிரைவர் நுழைவது போன்ற ஒரு சிறு காடியைப் பார்க்கலாம். ஜி என்றிருந்தால் அப்பர்ச்சர் வளையம் கிடையாது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலைத்தான் தள்ள வேண்டும். எஃப் எண்ணுக்குப் பின் ஈ என்றிருந்தால் அந்த நெம்புகோலும் கிடையாது, எல்லாம் மின்சாரம். டிஎக்ஸ் என்று எழுதியிருந்தால் அது சிறிய சென்சாருக்கான லென்ஸ். முழு ஃபிரேம் பாடியில் போட்டால் ஓரங்கள் வெட்டப்பட்டு, 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகச் சுருங்கிவிடும்.

கேனன் ஈஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1987இல் அந்த மவுண்ட் (லென்ஸைப் பாடியோடு பூட்டும் இணைப்பு வளையம்) வந்த நாளிலிருந்தே ஃபோக்கஸ், அப்பர்ச்சர் இரண்டும் மின் இணைப்பு வழியாகத்தான் நடக்கின்றன. எனவே அடாப்டருக்குள் அசையும் பாகம் எதுவும் தேவையில்லை. நிக்கான் ஜி லென்ஸை வேறு நிறுவன பாடியில் இயக்கும் அடாப்டரோ, அந்த நெம்புகோலைத் தள்ளுவதற்கு உள்ளே ஒரு குட்டி மோட்டாரையே சுமக்க வேண்டியிருக்கிறது. விலை வேறுபாட்டுக்கும் பழுது வேறுபாட்டுக்கும் காரணம் அதுதான்.

2. ஃப்ளேஞ்ச் தூரத்தைக் கழித்துப் பாருங்கள்

மவுண்டின் உலோக முகத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம்தான் ஃப்ளேஞ்ச் தூரம். நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., கேனன் ஈஎஃப்புக்கு 44 மி.மீ., சோனி ஈ மவுண்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட் மவுண்டுக்கு 16 மி.மீ., கேனன் ஆர்எஃப், எல் மவுண்ட் இரண்டுக்கும் 20 மி.மீ., ஃபியூஜிஃபிலிம் எக்ஸ் மவுண்டுக்கு 17.7 மி.மீ.

லென்ஸின் தூரத்திலிருந்து பாடியின் தூரத்தைக் கழித்தால் மிஞ்சுவதே அடாப்டரின் தடிமன். நிக்கான் எஃப் லென்ஸ் சோனியில் உட்கார 46.5 கழித்தல் 18, அதாவது 28.5 மி.மீ. இடம் இருக்கிறது; தாராளம். கழித்தால் விடை எதிர்மறையாக வரும் இணைப்பில், உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டரால் தொலைவிலுள்ள எதையும் ஃபோக்கஸ் செய்ய முடியாது. இசட் மவுண்ட் லென்ஸ் சோனியில் உட்காராது. சோனி ஈ லென்ஸ் இசட் பாடியில் 2 மி.மீ. தடிமனுள்ள அடாப்டரோடு உட்காரும். பழைய எம்42 திருகு லென்ஸை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் போட்டுவிட்டுத் தூரத்துக் காட்சி தெளியவில்லை என்று அல்லாடுபவர்களின் சிக்கலும் இந்தக் கழித்தல்தான்: 45.46 மி.மீ.க்கான லென்ஸ், 46.5 மி.மீ. பாடியில்.

3. லென்ஸுக்கு ஏற்ற அடாப்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள்

ஊமை அடாப்டர் என்று நாங்கள் சொல்வது மின் இணைப்பே இல்லாத வெறும் உலோகக் குழாய். கையால் ஃபோக்கஸ் செய்யும் பழைய லென்ஸ்களுக்கு அது போதும், அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை என்பதே அதன் பெருமை. ஜி லென்ஸுக்கு வாங்கினால், நெம்புகோலைத் தள்ளும் வளையம் அடாப்டரிலேயே இருக்க வேண்டும். வளையம் இல்லாவிட்டால், கழற்றிய ஜி லென்ஸ் இயல்பாகவே மிகச் சிறிய துளைக்குச் சுருங்கியிருப்பதால், படம் இருட்டாகத்தான் வரும்.

மோட்டார் மூலமாகவே ஃபோக்கஸ் வளையம் வேலை செய்யும் லென்ஸ்களை ஊமை அடாப்டரில் போடவே வேண்டாம். நிக்கான் ஏஎஃப்-பி, கேனன் எஸ்டிஎம் லென்ஸ்கள் இந்த வகை. மின்சாரம் வராதபோது வளையம் வெறுமனே சுற்றும், ஃபோக்கஸ் நகராது. புதியவர்கள் லென்ஸ் பழுதாகிவிட்டது என்று பதறும் இடம் இது.

மின் இணைப்புள்ள அடாப்டர்களில், அதே நிறுவனத்தின் பழைய மவுண்டிலிருந்து புதிய மவுண்டுக்கு மாற்றுபவை நம்பகமானவை. கேனன் ஈஎஃப்பிலிருந்து ஆர்எஃப்புக்கு மாறுபவர் கேனனின் அடாப்டரைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்ட நிக்கான் தரும் எஃப்டிஇசட் அடாப்டரில்கூட ஏஎஃப்-டி லென்ஸ் தானாக ஃபோக்கஸ் ஆகாது, ஏனெனில் அதைச் சுழற்றும் மோட்டார் அதற்குள் இல்லை. அதே நிறுவனம்தானே என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்களை அறிவேன். நிறுவனம் விட்டு நிறுவனம் மாறும்போது பெரும்பாலும் மூன்றாம் நிறுவனங்களின் அடாப்டர்தான் கதி. கேனன் ஈஎஃப்பிலிருந்து சோனிக்கு சிக்மா எம்சி-11 பலரும் அறிந்தது. அது முதன்மையாக சிக்மாவின் சொந்த லென்ஸ்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ஓர் அடாப்டரை வாங்கி எல்லா லென்ஸுக்கும் மாற்றி மாற்றிப் போடுவதைவிட, அதிகம் பயன்படும் லென்ஸுக்கென்று ஒன்றை நிரந்தரமாக விட்டுவிடுவதே நல்லது.

4. கடையிலேயே நான்கு நிமிடம் செலவிடுங்கள்

உங்கள் பாடியையும் கனமான லென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். பொருத்திய பின் லென்ஸை மெதுவாக இடவலமாகத் திருகிப் பாருங்கள். பூட்டு ஊசியில் மயிரிழை அசைவு எல்லா மவுண்டிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்த ஆட்டத்தில் மின் முனைகள் விலகும்.

பிறகு அடாப்டரைக் கழற்றி அதன் உள்சுவரை விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். பளபளத்தால் ஆகாது. மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எரியும் சீரியல் பல்புகள் அந்தச் சுவரில் பட்டுத் தெறித்து, படத்தின் நடுவே பால் சிந்தியதுபோல ஒரு வெளிறலை உண்டாக்கும். 70-200 போன்ற கனமான லென்ஸுக்கு, அதைச் சுற்றியுள்ள காலர் வளையத்தில்தான் டிரைபாடைத் திருக வேண்டும், பாடியில் அல்ல.

5. பொருத்தும் வரிசை

கேமராவை அணையுங்கள். மின் இணைப்புள்ள அடாப்டர், இயங்கத் தொடங்கும் நொடியில்தான் லென்ஸிடம் அதன் பெயரையும் அளவையும் கேட்டுக்கொள்கிறது. கேமரா இயங்கிக்கொண்டிருக்கும்போது லென்ஸை மாற்றினால், சில அடாப்டர்கள் முந்தைய லென்ஸின் விவரத்தையே பிடித்துக்கொண்டு ஃபோக்கஸைத் தவறவிடுகின்றன.

அடுத்து, லென்ஸையும் அடாப்டரையும் மேசைமேல் வைத்து முதலில் அவற்றை இணைத்துவிடுங்கள். அதன் பிறகுதான் பாடியின் மூடியைக் கழற்ற வேண்டும். அடாப்டரைப் பாடியில் முதலில் மாட்டிவிட்டு லென்ஸைத் தேடுபவர்கள் மிரர்லெஸ் சென்சாரைத் தெருத்தூசிக்குத் திறந்து வைக்கிறார்கள். சென்சாருக்கு முன்னால் பிரதிபலிக்கும் கண்ணாடி இருந்த டிஎஸ்எல்ஆர் காலத்துப் பழக்கம் அது.

திருகும் திசையில்தான் அதிகப் பேர் இடறுகிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் நிக்கான் லென்ஸ் இடஞ்சுழியாகத் திருகிப் பூட்டும். சோனியும் கேனனும் வலஞ்சுழி. ஆகவே ஒரே அடாப்டரின் ஒரு பக்கம் ஒரு திசையிலும் மறுபக்கம் எதிர்த் திசையிலும் பூட்டும். சென்ற ஆண்டு ஒரு தம்பி, “அண்ணே, லென்ஸ் சிக்கிக்கிச்சு, வரவே மாட்டேங்குது” என்று கொண்டுவந்து நின்றான். லென்ஸைக் கழற்றுவதாக நினைத்துப் பூட்டும் திசையிலேயே இன்னும் பலமாகத் திருகியிருந்தான். அடாப்டரின் பூட்டு ஊசி வளைந்து, பித்தளை முகத்தில் நகக்கீறல்போல ஒரு கோடு விழுந்திருந்தது. அன்றிலிருந்து என் அடாப்டர்களில் வெள்ளை நெயில் பாலிஷால் இரண்டு அம்புக்குறி வரைந்து வைத்திருக்கிறேன். கைக்குப் பழகும்வரை அதற்கு வெட்கப்பட வேண்டாம். நிக்கானும் கேனனும் ஃபோக்கஸ் வளையத்தின் திசையிலும் எதிரெதிர்தான்.

6. பாடியில் மாற்ற வேண்டிய அமைப்புகள்

ஊமை அடாப்டரைப் போட்டவுடன் படம் எடுக்க முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம். மின் தொடர்பு இல்லாததால், லென்ஸே இல்லை என்று கேமரா எண்ணிக்கொள்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயங்க விடும் அமைப்பு மெனுவில் இருக்கும், அதை அனுமதியுங்கள். எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் தெரிவதும் இதனால்தான்.

பாடிக்குள் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவியத் தூரத்தைக் கையால் கொடுங்கள். எவ்வளவு அசைந்தால் சென்சாரை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற கணக்கு அந்த எண்ணை வைத்தே நடக்கிறது. 35 மி.மீ. லென்ஸுக்கு 135 என்ற பழைய எண் அப்படியே இருந்துவிட்டால், தேவைக்கு மேல் நகர்த்தி, படத்தைக் கேமராவே ஆட்டிவிடும். ஜூம் லென்ஸுக்கு அதன் குறைந்த எண்ணைக் கொடுங்கள்; திருத்தம் குறைந்தால் பரவாயில்லை, மிகுந்தால் கேடு. லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வு தடுப்பு ஊமை அடாப்டரில் வேலை செய்யாது, அதற்கு மின்சாரம் போவதில்லை.

ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறனைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் கையால் குறித்துவிட வேண்டும். லென்ஸின் நீளம் தெரியாத கேமராவால் அதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. மண்டபத்தில் 85 மி.மீ.க்கு நான் 1/160 வைக்கிறேன்.

ஃபோக்கஸ் பீக்கிங்கை இயக்கி, காட்சியைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையைக் கட்டைவிரலுக்கு எட்டும் பொத்தானுக்குக் கொடுங்கள். பீக்கிங் காட்டும் வண்ணக்கோடு, கூர்மையான விளிம்பைத்தான் காட்டுகிறதே தவிரக் கண்ணைக் காட்டவில்லை. பட்டுப்புடவையின் ஜரிகை எப்போதும் கண்ணைவிடப் பளிச்சென்று மின்னும். அகலத் துளையில் ஜரிகையை நம்பி எடுத்த படத்தில் மணப்பெண்ணின் முகம் மென்மையாகத்தான் இருக்கும். பெரிதாக்கி இமையைப் பாருங்கள்.

7. வேலைக்கு எடுத்துப்போகும் முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, தொலைவுச் சோதனை. விடியற்காலையில் திருவொற்றியூர்க் கடற்கரைக்குப் போனால், நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள் தெரியும். சூரியன் எழுந்துவிட்டால் கப்பல் வெறும் நிழலாகிவிடும், நேரம் ஆக ஆகக் கானல் அலையும். ஆகவே வெளுக்கும் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். ஃபோக்கஸ் வளையத்தை முழுமையாகத் தொலைவுக்குத் திருகி, துளையை முழுதும் திறந்து, பெரிதாக்கிப் பாருங்கள். கப்பல் தெளியவே இல்லையென்றால் அடாப்டர் தடிமன் மிகுந்தது. வளையம் முடியும் முன்னரே தெளிந்து, அதைத் தாண்டியதும் மங்கினால், தடிமன் குறைந்தது.

இரண்டில் தடிமன் குறைந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். தூர அளவுகோல் தவறும், அகலக் கோண லென்ஸ் சிலவற்றில் ஓரங்கள் சற்று மென்மையாகும், அவ்வளவுதான். தடிமன் மிகுந்ததைப் பொறுக்க முடியாது. குவியத் தூரத்தின் வர்க்கத்தைக் கூடுதல் தடிமனால் வகுத்தால், லென்ஸால் எட்ட முடிந்த எல்லை தோராயமாக வரும். 0.1 மி.மீ. கூடினால் 85 மி.மீ. லென்ஸ் சுமார் 72 மீட்டர் வரை எட்டும்; மண்டபத்துக்குள் யாருக்கும் தெரியாது. அதே 0.1 மி.மீ. 24 மி.மீ. லென்ஸை ஆறு மீட்டருக்குள் கட்டிப்போட்டுவிடும். பந்திக் கூடம் முழுவதையும் எடுத்த படத்தில் பின்வரிசை மங்கிக் கிடக்கும். எனவே தொலைவுச் சோதனையை எப்போதும் உங்களிடம் உள்ள மிக அகலமான லென்ஸில் செய்யுங்கள்.

இரண்டாவது, சாய்வுச் சோதனை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடைகள் திறக்கும் முன் போனால், மூடிய இரும்பு ஷட்டர்கள் வரிசையாக இருக்கும். கிடைக்கோடுகள் நிறைந்த அவற்றைவிட நல்ல சோதனை அட்டையைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. டிரைபாடில் நேர் எதிரே நின்று, முழுத் துளையில், நடுவில் ஃபோக்கஸ் செய்து ஒரு படம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஃபோக்கஸ் செய்து இன்னொரு படம். இரண்டு படத்திலும் ஃபிரேமின் இடப்பக்கமே மங்கினால் அடாப்டரோ லென்ஸோ சாய்ந்திருக்கிறது. முதல் படத்தில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் மங்கினால் நீங்கள் நேராக நிற்கவில்லை. குறை அடாப்டரிலா லென்ஸிலா என்பதை இன்னொரு லென்ஸைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

8. முகூர்த்தத்தில் எதை எங்கே வைப்பது

நான் அடைந்த இடர் இங்கேதான். தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபம். பாடியில் அடாப்டரோடு 70-200. ஐயர் கைகாட்ட, கெட்டிமேளம் முழங்கத் தொடங்கிய நொடியில், திரையில் எஃப் எண் மறைந்து கோடுகள் வந்தன. பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. லென்ஸின் எடையைப் பாடியில் தாங்கி நெடுநேரம் நடந்திருந்ததால், தளர்ந்திருந்த மவுண்ட் சற்றே விலகி மின் முனை விட்டுப்போயிருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டி நிமிர்ந்தபோது இரண்டாவது முடிச்சு. நல்லவேளையாகத் தோளில் தொங்கிய இரண்டாவது பாடியில் சோனியின் 35 மி.மீ. லென்ஸ் இருந்தது, மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும் படம் அதில் வந்ததுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

எனவே திரும்ப எடுக்க முடியாத எதையும் அடாப்டரிடம் ஒப்படைக்க வேண்டாம். புதிய மவுண்டுக்கே உரிய லென்ஸ் ஒன்றாவது, 35 அல்லது 50 மி.மீ., பாடியோடு சேர்த்தே வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் மாறுவதையே சில மாதம் தள்ளிப்போடுவது நல்லது என்பது என் கருத்து. வரிசைத் தட்டு, நகை, மேடையில் நின்று எடுக்கும் குடும்பப் படங்கள், வரவேற்பில் தூரத்திலிருந்து எடுக்கும் முகங்கள் ஆகியவற்றுக்கு அடாப்டர் லென்ஸ் தாராளமாகப் போதும். ஓடிவரும் குழந்தை, மாப்பிள்ளை அழைப்பில் ஆடும் கூட்டம் போன்ற இடங்களில் தொடர் ஃபோக்கஸ் தடுமாறுவதை எதிர்பாருங்கள்.

நடக்கும்போது ஒரு கை லென்ஸின் அடியில் இருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைப் பாடியில் மாட்டி கனமான லென்ஸைத் தொங்கவிட்டால், எடை முழுவதும் இரண்டு மவுண்டுகளின் மீது விழுகிறது.

9. ஃபர்ம்வேர்

மின் அடாப்டருக்கும் ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) உண்டு. மூன்றாம் நிறுவன அடாப்டர்கள் பலவற்றில் யுஎஸ்பி துளை இருக்கும். பாடியின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பின் மூன்றாம் நிறுவன அடாப்டர் முரண்டு பிடிக்கக்கூடும். முகூர்த்தம் இருக்கும் வாரத்தில் எதையும் புதுப்பிக்காதீர்கள்.

10. உப்புக்காற்று

இராயபுரம், காசிமேடு, எண்ணூர் ஓரம் வேலை செய்பவர்களுக்கு இது தனிக் கவலை. லென்ஸ் மவுண்டில் ரப்பர் வளையம் இருந்தாலும், அடாப்டர் பலவற்றில் அது இருக்காது. ஆகவே பாடி, அடாப்டர், லென்ஸ் மூன்றும் சேர்ந்தால் ஈரத்துக்குத் திறந்த கதவுதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் படமெடுத்துவிட்டு வந்த பிறகு, ஒரு முறை அடாப்டரின் மின் முனைகளில் பச்சை படியத் தொடங்கியிருந்ததைக் கண்டேன். இப்போது வீடு திரும்பியதும் முதல் வேலையாக, சற்றே ஈரமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த பின் மூன்றையும் பிரித்து, முனைகளை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைக்கிறேன். முனைகளை விரலால் தொடக் கூடாது, வியர்வையிலும் உப்புதான். அரிசி டப்பாவில் புதைக்கவும் வேண்டாம், அதன் மாவு அடாப்டரின் நெம்புகோல் மோட்டாருக்குள் போய்ச் சேரும்.

பழைய லென்ஸை மாட்டுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் அதன் உள்ளே நூலிழைபோல் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு அடாப்டர் வாங்கும் செலவை விட்டுவிடுங்கள்.

11. எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது

மூன்று மாதம் கழித்து முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்த லென்ஸை எத்தனை வேலைக்கு எடுத்துப் போனீர்கள் என்று எழுதுங்கள். மின் இணைப்பில்லாத லென்ஸின் பெயர் படக்கோப்பில் பதிவாகாது என்பதால், வேலை முடிந்த அன்றே கையால் குறித்து வைத்தால்தான் உண்டு. என் நோட்டில் ஏஎஃப்-டி 50க்கு எதிரே ஒரு கோடுகூட விழவில்லை, அதை விற்றுவிட்டேன். 70-200ஐ ஓராண்டு ஓட்டிவிட்டு, புதிய மவுண்டுக்கான லென்ஸை வாங்கினேன். 85 மி.மீ. ஜி மட்டும் அடாப்டரோடு ஒட்டியபடியே பையில் கிடக்கிறது. அதைக் கழற்றி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது.